ஒண்ட வந்த நாயகர்கள், விரட்டப்பட்ட பூதங்கள்

பழைய அமெரிக்கக் காமிக்ஸ் சேகரிப்பவர்களிடம் ஒரு விசித்திரமான கணக்கு உண்டு. மார்வெல் வெளியிட்ட 'டேல்ஸ் ஆஃப் சஸ்பென்ஸ்' தொடரின் 38-வது இதழையும் 39-வது இதழையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்று 1963 பிப்ரவரி, மற்றது மார்ச். ரெண்டும் 12 சென்ட், ரெண்டும் ஒரே மட்டமான நியூஸ்பிரிண்ட் தாள், நடுவில் அதே ரெண்டு ஸ்டேப்பிள் பின். 38-இல் இருப்பவை மர்மமும் மாயமும் கலந்த சின்னச் சின்னக் கதைகள். 39-இல் அதே மாதிரிக் கதைகளுக்கு முன்னால் இரும்புக் கவசம் மாட்டிய ஒருவர் வருகிறார், பெயர் அயர்ன் மேன். வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் கசங்கிப் போன சுமார் பிரதியை எடுத்துக்கொண்டால்கூட, 38-க்குக் கேட்கும் விலைக்குப் பின்னால் ஒரு பூஜ்யம் சேர்த்தால் 39 கிடைக்காது, அதற்கு மேலேயும் போக வேண்டும்.

இந்த ஒரு மாத இடைவெளிக்குள்தான் இந்தச் சேகரிப்பு உலகத்தின் மொத்தக் கதையும் இருக்கிறது என்பது என் எண்ணம். பூதக் காமிக்ஸ் ஒரு ரகம், சூப்பர் ஹீரோ காமிக்ஸ் வேறு ரகம் என்று தனித்தனிப் பெட்டியில் போட்டு வைக்கிறார்கள். உண்மையில் இன்று உலகமே அறிந்த பல நாயகர்கள் பூதங்களின் வீட்டில் வாடகைக்குக் குடியேறியவர்கள். அப்புறம் வீட்டுக்காரரையே காலி செய்துவிட்டார்கள். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியது என்பார்களே, அதேதான்.

முதலில் அந்தப் பூதங்கள் எங்கிருந்து வந்தன என்று பார்க்கலாம், ஏனென்றால் அவையும் இன்னொருவரை விரட்டிவிட்ட இடத்தில்தான் வந்து உட்கார்ந்தன. 1950-இல் வில்லியம் கெய்ன்ஸ் என்பவரின் ஈசி காமிக்ஸ் திகில் இதழ்களை இறக்கியது: 'டேல்ஸ் ஃப்ரம் த கிரிப்ட்', 'வால்ட் ஆஃப் ஹாரர்', 'ஹான்ட் ஆஃப் ஃபியர்'. அழுகிய பிணம் கல்லறையைத் தோண்டிக்கொண்டு எழுந்து வந்து பழிவாங்கும், கணவனை மனைவி வெட்டுவாள், மனைவியைக் கணவன் வெட்டுவான், கடைசிக் கட்டத்தில் ஒரு கிண்டல். சித்திரங்கள் என்னவோ பிரமாதம், இன்றைக்கும் அந்தத் தரத்தில் வரைய ஆள் தேட வேண்டும். விற்பனையும் கொழித்தது. பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? ஆளாளுக்குத் திகில் இதழ் போட ஆரம்பித்தார்கள்.

எதிர்ப்பு அதற்கு முன்பே கிளம்பியிருந்தது. 1948-இல் மேற்கு வர்ஜீனியாவின் ஸ்பென்சரிலும், நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டனிலும் பள்ளிப் பிள்ளைகளை வைத்தே காமிக்ஸைக் குவித்துக் கொளுத்தினார்கள். 1954-இல் மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தாம், 'செடக்ஷன் ஆஃப் த இன்னொசன்ட்' என்ற புத்தகத்தில் சிறுவர்கள் கெட்டுப் போவதற்குக் காமிக்ஸ் காரணம் என்று எழுதினார். அதே வருடம் ஏப்ரலில் செனட் துணைக்குழு விசாரணை நடந்தது. கெய்ன்ஸ் தானாகவே முன்வந்து சாட்சி சொன்னார். செனட்டர் கீஃபாவர் ஓர் அட்டையைக் காட்டினார்: ஒரு கையில் கோடாரி, மறு கையில் தலைமுடியைப் பிடித்துத் தூக்கிய ஒரு பெண்ணின் வெட்டுண்ட தலை. இது ரசனைக்கு உகந்ததா என்று கேட்டார். திகில் இதழின் அட்டைக்கு உகந்ததுதான், தலையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்து ரத்தம் சொட்டுவதுபோல வரைந்திருந்தால்தான் மோசம் என்று கெய்ன்ஸ் பதில் சொன்னார். மறுநாள் பேப்பரில் அது எப்படி வந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அரசாங்கம் சட்டம் போடுவதற்கு முன் பதிப்பாளர்களே முந்திக்கொண்டு 1954 அக்டோபரில் காமிக்ஸ் கோடு என்ற தணிக்கை விதிகளைக் கொண்டு வந்தார்கள். இதழின் பெயரில் 'ஹாரர்', 'டெரர்' என்ற சொற்கள் கூடாது. நடமாடும் பிணம், ரத்தக் காட்டேரி, பிணம் தின்னி, ஓநாய் மனிதன், நரமாமிசம் எதுவும் கூடாது. ஈசியின் திகில் கடை மூடப்பட்டது. கெய்ன்ஸ் 'மேட்' இதழை மட்டும் பத்திரிகை அளவுக்குப் பெரிதாக்கி, கோடுக்குச் சிக்காமல் பிழைத்துக்கொண்டார்.

அந்த விதிகளை ஒரு முறை உற்றுப் பாருங்கள். செத்தவன் எழுந்து வரக்கூடாது, சரி. ரத்தம் குடிக்கக்கூடாது, சரி. நாற்பது அடி உயரத்தில், கல்லாலோ சேற்றாலோ மரத்தாலோ ஆன, வேற்றுக் கிரகத்திலிருந்து வந்த ஒரு பெரிய ஜந்து ஊரை மிதித்துக்கொண்டு வரலாமா? அதைப் பற்றி விதியில் ஒரு வார்த்தையும் இல்லை. அந்த ஓட்டை வழியாகத்தான் மார்வெலின் பூதங்கள் உள்ளே நுழைந்தன.

(மார்வெல் என்ற பெயர் அப்போது நிலைக்கவில்லை. மார்ட்டின் குட்மேன் என்ற பதிப்பாளரின் கம்பெனி அது, 1950-களில் அட்லஸ் என்று அழைப்பார்கள். வசதிக்காக மார்வெல் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.)

1957-இல் அந்தக் கம்பெனிக்கு ஒரு பெரிய இடி விழுந்தது. அதன் இதழ்களை நாடெங்கும் கடைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்த அமெரிக்கன் நியூஸ் கம்பெனி விநியோகத்தை நிறுத்திவிட்டது. வேறு வழியில்லாமல் குட்மேன் போய் நின்ற இடம் இண்டிபெண்டன்ட் நியூஸ், அதாவது போட்டிக் கம்பெனியான டிசியின் சொந்த விநியோக நிறுவனம். எதிராளியின் லாரியில் உங்கள் சரக்கை ஏற்றுவது மாதிரி. அவர்கள் போட்ட நிபந்தனை: மாதம் எட்டு இதழுக்கு மேல் கூடாது. பெரும்பாலான தொடர்களை இரண்டு மாதத்துக்கு ஒன்றாக மாற்றி, ஏதோ ஒப்பேற்றினார்கள். இந்த எட்டு என்ற எண்ணை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பிற்பாடு தேவைப்படும்.

அதே 1957-இல்தான் பழைய டிராகுலா, ஃபிராங்கன்ஸ்டைன் படங்களை மொத்தமாக வாங்கி அமெரிக்கத் தொலைக்காட்சிகள் ராத்திரி நேரத்தில் ஓட்ட ஆரம்பித்தன. சிறுவர்களுக்குப் பூதப் பைத்தியம் பிடித்தது. 1958 இறுதியில் ஜாக் கர்பி இந்தக் கம்பெனிக்குத் திரும்பி வந்தார். 1940-களின் தொடக்கத்தில் ஜோ சைமனோடு சேர்ந்து கேப்டன் அமெரிக்காவை உருவாக்கியவர், இப்போது பிழைப்புக்காக மாதாமாதம் ஒரு பூதம் வரைய உட்கார்ந்தார். ஆசிரியர் ஸ்டான் லீ, கதை வசனத்தில் பெரும்பங்கு அவர் தம்பி லாரி லீபர், பென்சில் சித்திரத்தின் மேல் மை போட்டவர்களில் முக்கியமானவர் டிக் ஏயர்ஸ், கூடவே ஓவியர்கள் டான் ஹெக், ஸ்டீவ் டிட்கோ. 'ஸ்ட்ரேஞ்ச் டேல்ஸ்', 'ஜர்னி இன்டு மிஸ்டரி', 'டேல்ஸ் டு அஸ்டானிஷ்', 'டேல்ஸ் ஆஃப் சஸ்பென்ஸ்' என்ற நான்கு வீடுகளிலும் பூதங்கள் குடித்தனம் நடத்தின. பெயர்களைக் கேளுங்கள்: கோர்கில்லா, மான்ஸ்ட்ரோம், ஸ்பார், குரோட்டு, கூம், கூமின் பிள்ளை கூகம். 1961 அக்டோபர் இதழில் வந்த ஃபின் ஃபாங் ஃபூம் மலையளவு டிராகன், ஆனால் ஒழுங்காக ஜட்டி போட்டிருக்கும். அந்த ஜட்டியை வைத்து இன்றுவரை ரசிகர்கள் கிண்டல் செய்கிறார்கள்.

ஒரு கதையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். 'டேல்ஸ் டு அஸ்டானிஷ்' 13, 1960 நவம்பர். எக்ஸ் கிரகத்தின் அரசனான குரூட் ஒரு சிற்றூருக்குப் பக்கத்தில் வந்து இறங்குகிறது. மரத்தாலான உடம்பு. வேலி, கதவு, மரச் சாமான் என்று கண்ணில் படும் மரத்தையெல்லாம் உறிஞ்சி உறிஞ்சிப் பெரிதாகிறது. ஊரையே வேரோடு பெயர்த்துத் தன் கிரகத்துக்குக் கொண்டுபோய் மனிதர்களை வைத்து ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்பது திட்டம். துப்பாக்கி பலிக்கவில்லை, நெருப்பும் பலிக்கவில்லை. ஊரே போராடும்போது ஒரு விஞ்ஞானி மட்டும் ஆய்வுக்கூடத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். மனைவியே அவரைக் கோழை என்று ஏசுகிறாள். கடைசியில் அவர் வெளியே கொண்டுவருவது கரையான். அரித்துத் தள்ளிவிடுகிறது. முடிந்தது கதை. இந்தக் குரூட் வாய் ஓயாமல் பேசும், முழு வாக்கியம் வாக்கியமாகத் தன் பெருமையை அளக்கும். 2014-இல் வந்த திரைப்படத்தில் மூன்றே சொல் பேசும் குரூட்டைப் பார்த்து மயங்கியவர்கள் இந்தப் பழைய இதழைத் தேடி ஓடினார்கள், விலை எங்கோ போய்விட்டது. அதே வருடத்தில் வந்த மற்ற பூதங்கள், சித்திரத்தில் குரூட்டைவிட நன்றாக இருப்பவைகூட, படத்தில் நடிக்காத ஒரே காரணத்தால் பெட்டியிலேயே கிடக்கின்றன.

இப்போது குடித்தனக்காரர்களுக்கு வருவோம். 1961 நவம்பர் தேதியிட்ட 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' முதல் இதழின் அட்டையைத் தெரியாத ஒருவரிடம் காட்டிப் பாருங்கள், பூதக் காமிக்ஸ் என்றுதான் சொல்வார். தெருவைப் பிளந்துகொண்டு ஒரு பெரிய பச்சைப் பூதம் எழுகிறது, கையில் ஒரு பெண். சுற்றி நிற்கும் நாயகர்களுக்கு முகமூடியும் இல்லை, சீருடையும் இல்லை. சீருடை மூன்றாவது இதழில்தான் வந்தது. நால்வரில் ஒருவர் பாறை உடம்புக்காரர், அவரே ஒரு பூதம். அடுத்து 1962 மே மாதம் 'ஹல்க்', அவரும் பூதமேதான். முதல் இதழில் சாம்பல் நிறம். அன்றைய மலிவு அச்சில் அந்தச் சாம்பல் பக்கத்துக்குப் பக்கம் மாறி மாறி விழுந்ததால் இரண்டாவது இதழிலிருந்து பச்சையாக்கினார்கள். அந்தப் பெயர்கூடப் பழசு: 1960 நவம்பரில் 'ஜர்னி இன்டு மிஸ்டரி' 62-இல் ஹல்க் என்ற பெயரில் ரோமம் மண்டிய வேறொரு பூதம் வந்து போயிருந்தது. பிற்பாடு மறுபதிப்பு போட்டபோது பாவம் அதன் பெயரைப் பிடுங்கி, செம்னு என்று வைத்துவிட்டார்கள்.

எட்டு இதழ் கணக்கு இங்கேதான் வருகிறது. புதிதாக ஒரு நாயகரை இறக்க வேண்டுமென்றால் புதுத் தொடர் ஆரம்பிக்க முடியாது, ஆரம்பித்தால் இன்னொன்றை நிறுத்த வேண்டும். அதனால் ஓடிக்கொண்டிருக்கும் பூதத் தொடரின் முன்பக்கத்தில் நாயகரை நுழைத்தார்கள். 'டேல்ஸ் டு அஸ்டானிஷ்' 27-இல், 1962 ஜனவரியில், தன்னைச் சுருக்கிக்கொண்டு எறும்புப் புற்றுக்குள் மாட்டிக்கொள்ளும் ஒரு விஞ்ஞானியின் ஒற்றைக் கதை வந்தது. அதே விஞ்ஞானி 35-வது இதழில் முகமூடி போட்டு ஆன்ட்-மேன் ஆகத் திரும்பி வந்தார். 'ஜர்னி இன்டு மிஸ்டரி' 83-இல் தோர் வந்தார், முதல் சண்டையே சனிக் கிரகத்துக் கல் மனிதர்களோடு. கர்பி அதற்கு முந்தின மாதம்வரை வரைந்துகொண்டிருந்த அதே கல் பூதங்கள்தான், சுத்தியலோடு ஓர் ஆளை மட்டும் எதிரில் நிறுத்தினார்.

ஸ்பைடர்மேன் கதை இன்னும் சுவாரசியம். 'அமேஸிங் அட்வென்ச்சர்ஸ்' என்று ஆறு இதழ், 'அமேஸிங் அடல்ட் ஃபேன்டஸி' என்று எட்டு இதழ், அப்புறம் 1962 ஆகஸ்டில் 'அமேஸிங் ஃபேன்டஸி' என்ற பெயரில் 15-வது இதழ். அதோடு தொடருக்கு மூடுவிழா. அந்தக் கடைசி இதழில் 11 பக்கக் கதையாக வந்தவர்தான் ஸ்பைடர்மேன். அட்டை கர்பி, உள்ளே டிட்கோ. மிச்சப் பக்கங்களில் மம்மியின் சவப்பெட்டி பற்றி ஒன்று, செவ்வாய்க் கிரகவாசிகள் பற்றி ஒன்று என்று பழைய பாணிக் கதைகள். 2021 செப்டம்பரில், தரத்துக்குப் பத்துக்கு 9.6 மதிப்பெண் பெற்ற இதன் பிரதி ஒன்று 36 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. டிட்கோ கையால் வரைந்த அந்த இதழின் 24 அசல் பக்கங்களை, யாரோ ஒருவர் பெயர் சொல்லாமல் 2008-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்குச் சும்மா கொடுத்துவிட்டார். இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் படித்த நாளில் எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை.

குடியேறியவர்கள் வளர வளரப் பூதங்கள் பின்பக்கத்துக்குப் போயின, அப்புறம் அங்கும் இல்லை. கடைசியில் வாசல் பெயர்ப்பலகையும் மாறியது. 'ஜர்னி இன்டு மிஸ்டரி' 126-வது இதழிலிருந்து 'தோர்'. 'டேல்ஸ் ஆஃப் சஸ்பென்ஸ்' 100-லிருந்து 'கேப்டன் அமெரிக்கா'. 'டேல்ஸ் டு அஸ்டானிஷ்' 102-லிருந்து 'ஹல்க்'. 'ஸ்ட்ரேஞ்ச் டேல்ஸ்' 169-லிருந்து 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்'. 1960-களின் கேப்டன் அமெரிக்காவின் முதல் இதழைத் தேடும் புதியவர்கள், 100 என்ற எண்ணில் போய் முட்டிக்கொண்டு குழம்புவது இதனால்தான். அந்த 99 இதழும் எங்கேயும் தொலைந்து போகவில்லை, பூதங்களின் கணக்கில் இருக்கின்றன.

இதற்கெல்லாம் கால் நூற்றாண்டு முந்தியது சூப்பர் ஹீரோக்களின் முதல் அலை. 'ஆக்ஷன் காமிக்ஸ்' முதல் இதழ், சூப்பர்மேன், அட்டையில் 1938 ஜூன், கடைக்கு வந்தது ஏப்ரலில். கடைக்காரர் பழசாகிவிட்டது என்று சீக்கிரம் எடுத்துவிடக் கூடாது என்பதற்காக எல்லோரும் இப்படி முன்தேதி போடுவார்கள். விலை 10 சென்ட். சூப்பர்மேன் உரிமையை ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். வேறு வேலைக்கான கூலியும் சேர்த்து 412 டாலருக்கு வந்த அந்தக் காசோலையே 2012-இல் 1,60,000 டாலருக்கு ஏலம் போனது. சீகல் பிற்காலத்தில் பிழைப்புக்காகப் பிரிட்டிஷ் வார இதழ் ஒன்றுக்கும் எழுதினார், 'ஸ்பைடர்' என்ற வில்லன்-நாயகனின் கதைகள். லயன் காமிக்ஸில் ஸ்பைடர் படித்த நம் ஆட்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். சூப்பர்மேனைப் படைத்த அதே கை எழுதியதைத்தான் சிவகாசி அச்சில் தமிழில் படித்தோம் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆக்ஷன் முதல் இதழ் சுமார் இரண்டு லட்சம் அச்சானது, இன்று எஞ்சியிருப்பது நூறு பிரதி அளவில்தான் இருக்கும் என்பது சேகரிப்பாளர்களின் மதிப்பீடு. மற்றவை என்ன ஆயின? நம் வீடுகளில் என்ன ஆகுமோ அதேதான். படித்தார்கள், கிழித்தார்கள், அம்மா எடைக்குப் போட்டார். இரண்டாம் உலகப் போரில் பழைய காகிதம் திரட்டும் இயக்கம் வேறு, பிள்ளைகள் தேசபக்தியோடு கட்டுக்கட்டாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். விற்காத பிரதிகளின் கதையும் அதுதான்: அட்டையின் மேல்பகுதியைக் கிழித்து அனுப்பினால் கடைக்காரருக்குப் பணம் திரும்பிவிடும், மிச்சம் குப்பைக்கு. தப்பிப் பிழைத்த சில அட்டைகளில் கடைக்காரர் பென்சிலால் எழுதிய வரவுத் தேதி இருக்கும். அதைக் கறை என்று யாரும் விலை குறைப்பதில்லை. எனக்கு அந்தப் பென்சில் எழுத்து அட்டைச் சித்திரத்தைவிடப் பிடிக்கும்.

இப்படித் தப்பியவற்றில் தலையாயது எட்கர் சர்ச் என்பவரின் சேகரிப்பு. கொலராடோவின் டென்வரில் விளம்பரச் சித்திரம் வரைந்து பிழைத்தவர், தொழிலுக்கு உதவும் என்று காமிக்ஸ் வாங்கி வாங்கி அடுக்கினார். உயரமான ஊர், காய்ந்த காற்று, இருட்டறை, ஒன்றன் மேல் ஒன்றாக இறுக்கமாக அடுக்கிய கட்டு. 1977-இல் சக் ரோஸான்ஸ்கி என்ற வியாபாரி அதை வாங்கியபோது, 18,000-க்கும் மேல் இருந்த இதழ்களில் பலவற்றின் தாள் அச்சடித்த அன்றைக்கு இருந்த மாதிரி வெள்ளையாக இருந்தது. 2025 நவம்பரில் 91.2 லட்சம் டாலருக்கு விற்ற, 'சூப்பர்மேன்' என்ற தனித் தொடரின் முதல் இதழும் அப்படித்தான், கலிபோர்னியாவில் இறந்துபோன தாயின் வீட்டுப் பரணில் மூன்று சகோதரர்கள் கண்டெடுத்தது.

தாள்தான் இங்கே எல்லாம். நியூஸ்பிரிண்ட் மரக்கூழில் செய்தது, அதிலேயே அமிலம் இருக்கிறது, வெயிலும் ஈரமும் பட்டால் பழுப்பேறி அப்பளம் மாதிரி நொறுங்கும். அதனால் தரம் சொல்லும்போது அட்டையோடு உள்தாளின் நிறத்தையும் தனியாகச் சொல்வார்கள்: வெள்ளை, மங்கல் வெள்ளை, கிரீம், பழுப்பு, கடைசியில் நொறுங்கல். பின் துருப்பிடித்திருக்கிறதா, முதுகுப் பக்கம் உருண்டிருக்கிறதா, உள்ளே கூப்பனை யாராவது வெட்டியிருக்கிறார்களா என்றெல்லாம் பார்க்க வேண்டும். 1960-களின் தொடக்க மார்வெல் இதழ்களில் அட்டையின் வலது ஓரம் எலி கொறித்த மாதிரி சின்னச் சின்னதாக உதிர்ந்திருக்கும். அச்சகத்தில் மழுங்கிய கத்தியால் வெட்டியதன் விளைவு அது, சேகரிப்பாளர்கள் 'மார்வெல் சிப்பிங்' என்பார்கள். அந்த ஓரம் சந்தேகப்படும்படி நேர்த்தியாக இருந்தால்தான் நான் பயப்படுவேன், யாரோ பிற்பாடு கத்தரித்திருக்கலாம்.

2000-இல் சிஜிசி என்ற நிறுவனம் வந்த பிறகு விளையாட்டே மாறியது. இதழை அனுப்பினால் அவர்கள் பரிசோதித்து 0.5 முதல் 10 வரை ஒரு மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் பெட்டிக்குள் மூடித் தருவார்கள், அதுதான் ஸ்லாப். நீல லேபிள் என்றால் கை வைக்காதது, ஊதா என்றால் வண்ணம் தொட்டது, தாள் ஒட்டியது, ஓரம் வெட்டியது என்று ஏதோ திருத்தம் நடந்திருக்கிறது, விலை தடாலென்று இறங்கும். போலியும் திருட்டுத் திருத்தமும் இதனால் குறைந்தது உண்மை. ஆனால் பெட்டிக்குள் போன காமிக்ஸைத் திறந்து படிக்க முடியாது. படிக்க முடியாத புத்தகம் எனக்குச் சரிப்படவில்லை, அவ்வளவுதான். கோடிக்கணக்கில் பணம் போடுகிறவர்களுக்கு அது அவசியம் என்பதும் புரிகிறது. நடிகர் நிகோலஸ் கேஜின் ஆக்ஷன் முதல் இதழை 2000-இல் வீட்டிலிருந்தே திருடிவிட்டார்கள், 2011-இல் ஏதோ ஒரு வாடகைக் கிடங்கின் பூட்டிய அறையில் கிடைத்தது, அதே வருடம் 21.6 லட்சம் டாலருக்கு விற்றது.

புதிதாக வாங்க ஆரம்பிப்பவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. டிசி 1974-இல் ஆக்ஷன் முதல் இதழை அப்படியே பெரிய அளவில் மறுபதிப்பு போட்டது. வெளியே ஒரு கெட்டி அட்டை, உள்ளே பழைய அட்டை, விளம்பரம் உட்பட எல்லாமே அசல் மாதிரி. வெளி அட்டையைக் கழற்றிவிட்டு, தாத்தா பெட்டியில் கிடைத்தது என்று விற்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அளந்து பார்த்தாலே தெரிந்துவிடும், அசல் சுமார் பத்தேகால் அங்குல உயரம், இது அதைவிட மூன்று அங்குலம் பெரிது. அதே மாதிரி 1966-இல் இசைத்தட்டோடு சேர்த்து விற்ற மார்வெல் மறுபதிப்புகளில் அட்டையில் 12 சென்ட் விலை இருக்காது.

இன்னொரு வேடிக்கை. வெர்தாம் தன் புத்தகத்தில் எந்தெந்தக் காமிக்ஸைக் கெட்டது என்று எடுத்துக் காட்டினாரோ, அந்த இதழ்களுக்கு இன்று தனி விலை. 1970 முதல் வரும் ஓவர்ஸ்ட்ரீட் விலைக் கையேட்டில், இது வெர்தாம் குறிப்பிட்டது என்று பக்கத்தில் குறி போட்டே அச்சடிக்கிறார்கள். கொளுத்தச் சொன்ன பட்டியல், வாங்கச் சொல்லும் பட்டியலாகிவிட்டது. அவர் சான்றுகளைத் திரித்தும் கூட்டிக்குறைத்தும் எழுதியிருக்கிறார் என்பதை அவருடைய சொந்தக் குறிப்பேடுகளை ஆராய்ந்து கேரல் டில்லி என்ற ஆய்வாளர் 2012-இல் எழுதினார்.

கையில் பெரிய பணம் இல்லாதவர் என்ன செய்வது? நான் செய்வதைச் சொல்கிறேன். 39-ஐ விட்டுவிட்டு 38-ஐத் தேடுகிறேன். தோர் வந்த 83-க்குப் பதில் அதற்குப் பத்து இதழ் முந்தியது. அதே கர்பி, அதே தாள், அதே நாற்றம். அதுவும் கட்டுப்படியாகாவிட்டால் 1970-களில் 'வேர் மான்ஸ்டர்ஸ் டுவெல்' போன்ற பெயர்களில் மார்வெலே பூதக் கதைகளை மறுபதிப்பு போட்டிருக்கிறது, அவை இன்றும் மலிவு. 38-களில் ஒரு விஷயம் கவனித்தேன்: நாயகர் வந்த இதழ்களை 1960-களின் நடுவிலேயே ரசிகர்கள் பத்திரப்படுத்த ஆரம்பித்துவிட்டார்கள், பூத இதழ்களை அப்போது யாரும் சீந்தவில்லை. ஆகவே விலை குறைவாக இருந்தாலும் நல்ல நிலையில் உள்ள பிரதி லேசில் அகப்படுவதில்லை.

என்னிடம் இருக்கும் 1961-ஆம் வருடத்து 'ஸ்ட்ரேஞ்ச் டேல்ஸ்' ஒன்று இங்கிலாந்திலிருந்து வந்தது. அட்டையில் 10 சென்ட்டுக்குப் பதில் 9 பென்ஸ் என்று அச்சடித்திருக்கிறது, பிரிட்டன் சந்தைக்காக அதே அச்சில் விலையை மட்டும் மாற்றி ஓட்டியது. விற்றவர் நடுவில் ஓர் அட்டைகூட வைக்காமல் வெறும் உறையில் போட்டு அனுப்பியதால் கீழ் முனை மடங்கித்தான் வந்து சேர்ந்தது, சண்டை போட்டும் பிரயோஜனமில்லை. உள்ளே ஒரு பையன் பூதத்துக்குப் பென்சிலால் மீசை வைத்திருக்கிறான், கட்டத்துக்குக் கட்டம் மறக்காமல். நடுவில் இரண்டு பக்கம் வெறும் எழுத்தாக ஒரு குட்டிக் கதை, தபாலில் பத்திரிகைக்கான சலுகைக் கட்டணம் கிடைக்க வேண்டும் என்பதற்காக எல்லாக் காமிக்ஸிலும் சேர்ப்பது. அந்த இரண்டு பக்கத்தில் மட்டும் ஒரு விரல் ரேகைகூட இல்லை.

அடுத்து நான் தேடிக்கொண்டிருப்பது 'அமேஸிங் அடல்ட் ஃபேன்டஸி' 14, ஸ்பைடர்மேனுக்கு ஒரு மாதம் முந்தியது. டிட்கோ வரைந்த ஒரு கதையில் விசேஷ சக்தியோடு பிறந்து ஊராரால் விரட்டப்படும் ஒரு பையன் வருகிறான், எக்ஸ்-மென் வருவதற்கு ஒரு வருடம் முன்பே. இரண்டு முறை ஏலத்தில் கேட்டேன். இரண்டு முறையும் கடைசி நிமிஷத்தில் யாரோ ஏற்றிவிட்டார்கள், அவர்களும் 15-ஐ வாங்க முடியாதவர்களாகத்தான் இருக்க வேண்டும்.